நீல விளக்கும் காயாத மேல்பசையும்

படித்தவர்களிடம் கையாள் வேலைக்குப் போனால், கண்ணால் கண்டதைச் சொன்னதற்கே திட்டு வாங்க வேண்டியிருக்கும். வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரண்டாயிரத்து இரண்டில் கொல்லிமலையில் சோளக்காடு ஊருக்குப் பக்கத்தில் வீடு பிடித்து ஒரு சார் ஆராய்ச்சி செய்தார். பலாப்பாலைப் பார்த்து அதேபோல அவர் காய்ச்சிய பசை, நீல விளக்கு வெளிச்சம் பட்டால் இறுகும். உள்ளே இழைக்கு இழை முடிச்சு விழுகிறதாம். எத்தனை நிமிடத்தில் எத்தனை முடிச்சு என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும். அது சரியா என்று விரலால் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவது, நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் வேலை.

எண்ணெய்க் கை

பலாப்பழம் அறுக்கிற எவனும் கையில் எண்ணெய் தடவாமல் உட்காரமாட்டான். பசை என்றதும் நானும் தடவிக்கொண்டேன். எல்லாக் கிண்ணத்துக்கும் 'ஒட்டவில்லை, இறுகிவிட்டது' என்று எழுதினேன். கம்ப்யூட்டரும் அதையே சொன்னதால் சாருக்கு ஒரே சந்தோசம். மூன்றாம் நாள் அவரே தொட்டார், விரல் ஒட்டிக்கொண்டது. என் எண்ணெய்தான் பசையைக் கெடுத்தது என்று முடிவு கட்டிவிட்டார். கம்ப்யூட்டர் பார்க்கும் செல்வி மேடம் என் கையைப் பார்த்துச் சிரித்தார்: "ஏனுங்ணா, பசையப் பாக்கச் சொன்னா பணியாரம் சுட வந்தவராட்டம் நிக்கறீங்க!"

சிவப்புக் கோடு

சோப்புப் போட்டுக் கழுவிய கையால் புதுக் கிண்ணங்களைத் தொட்டேன். அடியில் கல்லாட்டம் இறுகியிருந்தது, மேலே மட்டும் பிசுபிசுப்பு. அப்படியே எழுதினேன். கம்ப்யூட்டரோ நாலு நிமிடத்தில் முழுசும் இறுகிவிடும் என்றது. சார் அதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வரியைத்தான் சிவப்புப் பேனாவால் அடித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "திங்கக்கிழமைக்குள்ள ஒழுங்கா எழுது, இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். மெஷின் பொய் சொல்லாது."

பூச்சி

அன்று சாயங்காலம் விளக்குக்கு வந்த பூச்சிகள் பசையில் விழுந்தன. ஒரு கிண்ணத்தில் மட்டும், பசைமேல் படியும்படி கண்ணாடிக் காகிதத்தை ஒட்டினேன். நாலு நிமிடம் கழித்து உரித்தால், மேலேயும் கல்!

திங்கட்கிழமை சார் முன்னால் ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வைத்தேன். இரண்டையும் தொட்டார். "காத்துப் படற எடத்துல முடிச்சு விழறதில்லைங்க சார். நம்ம கணக்குல காத்தையே சேர்க்கலைங்க" என்றார் மேடம். காற்றைச் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். என் நோட்டில் இருந்ததுதான் வந்தது. என் வேலை பிழைத்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். சார் கேட்டது இதுதான்: "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

கொல்லிமலையில் காற்று இருக்கிறது என்று ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அதை அவர் எந்தக் கட்டுரையிலும் எழுதமாட்டார்.