ஊக்கு இல்லாமல் வந்த மீன்

1. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் சோதனைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் ஏழு உறைகள் வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் ஏழு பேர்.

2. ஒவ்வொரு உறையிலும் ஃபெல்ட் துண்டுகள், நூல், வெட்டுவதற்கு ஒரு அட்டை அச்சு. கிறிஸ்துமஸுக்கு முன் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, கையாலேயே ஒரு ப்ரோச் தைத்துக் கோட்டில் குத்திக்கொள்ள வேண்டும்.

3. மற்ற ஆறு பேருக்கும் நட்சத்திரம். எனக்கு மீன்.

4. மற்ற ஆறு உறைகளிலும் பின்புறம் வைத்துத் தைக்கும் ஊக்கு, இங்கே சொல்கிறபடி ‘பின்’, இருந்தது. என் உறையில் இல்லை.

5. எங்கள் குழுத் தலைவி ஹைக்கே, நூல் கோத்த ஊசியை என் கையில் கொடுக்க நீட்டினார். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மேசையைக் காட்டினேன்.

6. அவர் ஊசியை மேசையில் வைத்தார். அன்று அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இது நடந்தது ஜெர்மனியின் வடக்கே, பெயரைச் சொன்னாலும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காத ஒரு சிற்றூரில். தண்ணீர் பம்புகளில் பொருத்தும் அழுத்தமானிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. இங்கே முதல் ஆறு மாதத்துக்கு ‘ப்ரோபெட்சைட்’ என்று பெயர். அதற்குள் வேண்டாம் என்று தோன்றினால், காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு வார அவகாசத்தில் அனுப்பிவிடலாம். வேலை போனால் விசாவும் அதன் பின்னாலேயே போகும். என் ஆறு மாதம் முடிய அன்றைக்கு இருபத்து நான்கு நாட்கள் இருந்தன. என்னைப் பற்றிய அறிக்கையை எழுத வேண்டியவர் ஹைக்கே. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒரு மீனையும் இல்லாத பின்னையும் நான் பார்த்தேன்.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. அக்டோபரில் ஒருநாள் காரல் கருவாட்டுக் குழம்பை அந்தச் சாப்பாட்டு அறை மைக்ரோவேவில் சூடாக்கினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் திறந்தார்கள், வெளியே நான்கு டிகிரி. மறுநாள் மைக்ரோவேவின் மேல் புன்னகை முகம் வரைந்த ஒரு தாள் ஒட்டியிருந்தது: மூடி போட்டுச் சூடாக்கவும். இந்த ஊரில் கோபத்தையும் புன்னகை முகம் வரைந்துதான் ஒட்டுகிறார்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு மட்டும் மீன் வந்தால் நான் வேறு என்ன நினைப்பது?

மறுநாள் பாம்பனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். அம்மா உறையையும் அச்சையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள்.

“ஏ அமலி, எல்லாருக்கும் நட்சத்திரம், ஒனக்கு மட்டும் மீனா? கருவாட்டு வாசத்தக் குத்திக் காட்டுறா.”

“அப்படித்தான்மா நானும் நெனைக்கிறேன்.”

“அதுலயும் ஊக்கு இல்லாமக் குடுத்திருக்கா. ஊக்கு இல்லாம அத எங்கன குத்துறது? நெத்தியிலயா ஒட்டுறது?”

பின்னாலிருந்து அப்பா, எங்களுக்கு அய்யா, குரல் கொடுத்தார். “ஆத்தா, அது என்ன மீனுன்னு அவகிட்டக் கேளு. செதிலும் இல்ல, செவுளும் இல்ல. வலையில விழுந்தா நாங்க தூக்கிக் கடல்ல போட்ருவோம்.”

“நீங்க சும்மா இருங்க. ஏ அமலி, ஊசிய அவ கையில இருந்து வாங்கலைல்ல?”

“வாங்கல. மேசையில வைக்கச் சொன்னேன்.”

“நல்ல புள்ள.”

இந்த இடத்தில் ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா பாம்பன் கடைத்தெருவில் இருந்த ஒரு டெய்லருக்கு வீட்டிலிருந்தபடியே கைவேலை செய்து கொடுத்தாள். ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைப்பது, பொத்தான் துளையைச் சுற்றிக் காஜா எடுப்பது, ஓரம் மடித்து ஹெம்மிங் செய்வது. பள்ளி விட்டு வந்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். வேலையில் எனக்கு இருந்த விதிகள் இரண்டுதான். காஜா நெருக்கமாக இருக்க வேண்டும், இடையில் துணி தெரியக்கூடாது. ஊசியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கக்கூடாது. கீழே வைக்க வேண்டும், அல்லது துணியில் குத்திக் கொடுக்க வேண்டும்.

“கையில குடுத்தா என்ன ஆவும்?” என்று அப்போது ஒருநாள் கேட்டேன்.

“சண்ட வரும்.”

“யாருக்கு?”

“குடுத்தவளுக்கும் வாங்குனவளுக்கும். வேற யாருக்கு, போலீசுக்கா?”

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எங்கள் மாதா கோயிலில் சாமியார் ஒருமுறை பிரசங்கம் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, “சாமியாரு என்னைக்குக் கொக்கி வச்சாரு?” என்று கேட்டதோடு அந்தப் பிரசங்கம் முடிந்துபோனது. அவளிடம் ஆதாரமும் இருந்தது. பக்கத்து வீட்டு செசிலி சித்தி ஒருநாள் அவசரத்தில் அம்மாவின் கையிலிருந்தே ஊசியை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரமே இருவருக்கும் பெரிய சண்டை. இரண்டு வருடம் பேச்சில்லை. சித்தி எங்கள் வாசலை மறித்துக் கருவாட்டுப் பாய் விரித்ததுதான் காரணம் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும். அம்மாவைப் பொறுத்தவரை இன்றுவரை ஊசிதான் காரணம். நான் பொறியியல் படித்தவள், அளந்து பார்க்காத எதையும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஊசி விஷயத்தை நான் நம்பவில்லை. ஆனால் ஹைக்கே நீட்டியபோது பின்னுக்கு நகர்ந்த கை என்னைக் கேட்டுக்கொண்டு நகரவில்லை.

அந்தச் சனி, ஞாயிறு மீனைத் தைத்தேன். ஃபெல்ட் நெய்த துணி அல்ல; ஆட்டு ரோமத்தை வெந்நீரில் நனைத்து அழுத்தித் தடிமனாக்கியது. அதில் ஊடும் பாவும் கிடையாது, எனவே வெட்டிய ஓரம் பிரியாது. சாம்பல் நிறத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி, நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்து, ஓரத்தைச் சுற்றிக் காஜா எடுத்தேன். அய்யா சொன்னதற்காகச் செவுள் இருக்குமிடத்தில் ஒரு வளைவும், முதுகில் மஞ்சள் நூலால் ஒரு கோடும் போட்டேன். இப்போது அது காரல்தான், அதில் யாரும் தகராறு செய்ய முடியாது. அழகாக வந்துவிட்டது என்று நினைத்து வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வால் கையோடு வந்துவிட்டது. ஜாக்கெட் துணிக்குப் போடுகிற நெருக்கத்தில் போட்ட தையல், தபால்தலையின் ஓட்டை போட்ட ஓரம் மாதிரி ஃபெல்ட்டை அறுத்திருந்தது. பிரியாத ஓரத்தைப் பிரியாமல் காக்கப் போய் நானே கிழித்திருந்தேன்.

திங்கட்கிழமை வாலில்லாத மீனை மேசையில் வைத்திருந்தபோது ஹைக்கே வந்து எடுத்துப் பார்த்தார். “ட்ஸு எங்,” என்றார். மிக நெருக்கம் என்று பொருள். தையலைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று யோசித்தேன். அவர் போகவில்லை. தன் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தார். விரல் இடுக்குகளில் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. ஐந்து மாதமாக அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

“இது தொற்றாது,” என்றார். “குளிர்காலத்தில் அதிகமாகும். அவ்வளவுதான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைத் தொடக் கூசித்தான் நான் ஊசியை வாங்கவில்லை என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் அறிக்கையை எழுதப்போகும் மனிதர், என்னைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் திரட்டி, செசிலி சித்தியையும் கருவாட்டுப் பாயையும் இரண்டு வருட மௌனத்தையும் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். நான் கதை கட்டுகிறேனா என்று அளக்கும் பார்வை; எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

“பிறகு ஏன் எனக்கு மட்டும் பின் வைக்கவில்லை?” என்று கேட்டேன்.

கடையில் வாங்கிய பாக்கெட்டில் ஆறு பேருக்கான பொருள்கள்தான் இருந்தன என்றார். ஏழாவது உறையை அவர் தன் வீட்டிலிருந்த ஃபெல்ட்டை வைத்துத் தயார் செய்திருக்கிறார். முதல் நாள் நான் மீன்பிடிக்கிற ஊர்க்காரி என்று சொன்னது நினைவிருந்ததால் மீன். “கடையில் வாங்கியவை நிறுவனம் கொடுத்தவை. இது நான் கொடுத்த பரிசு. கூரான பொருளைப் பரிசாகக் கொடுத்தால் நட்பைக் குத்திவிடும் என்பார் என் அம்மா. அதனால் பின்னை நீயே போட்டுக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன்.”

கேட்க நன்றாக இருந்தது. அளவுக்கு மீறி நன்றாக இருந்ததால் சரிபார்த்தேன். அலமாரியில் காலி பாக்கெட் கிடந்தது. ஆறு என்றே அச்சிட்டிருந்தது. முதல் பகுதி உறுதி. இரண்டாவது பகுதிக்கு, பக்கத்து மேசை டீமோவிடம் அப்படி ஒரு நம்பிக்கை உங்களிடம் உண்டா என்று விசாரித்தேன். கத்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், பின்னைப் பற்றித் தெரியாது என்றான். இதை ‘உறுதி செய்யப்படவில்லை’ என்ற கட்டத்தில் வைத்தேன். அம்மாவிடம் சொன்னபோது, “பொய்யா இருந்தாலும் நல்ல பொய்யாத்தான் சொல்லிருக்கா. ஆனா கையில மட்டும் வாங்கிராத,” என்றாள்.

வால் பக்கம் தையலைப் பிரித்து, அறுந்த வாலைச் சேர்த்து வைத்து, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் புதிதாகப் போட்டேன். பின்னுக்குக் கடைக்குப் போகவில்லை. மதுரை விமான நிலையத்தில் என் பையின் ஜிப் அறுந்தபோது, அம்மா தன் தாலிச் செயினில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி மாட்டிவிட்டிருந்தாள். அதை எடுத்து மீனின் முதுகில் வைத்துத் தைத்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது ஏற்கெனவே கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

டிசம்பரில் அந்த இருபத்து நான்காவது நாள் வந்தது. கடிதம் வரவில்லை, கூப்பிட்டுப் பேசவில்லை, கைகுலுக்கவும் இல்லை. இங்கே ப்ரோபெட்சைட்டில் தேறியவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லையாம். சொல்லாமல் இருப்பதுதான் தேறிய செய்தி என்று டீமோ சொன்னான். எதையும் சத்தமாகச் சொல்கிற ஊரிலிருந்து வந்த நான் அன்று முழுக்க மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். மறுநாள் காலை வாசலில் என் அடையாள அட்டையைக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. நம்பாமல் வெளியே வந்து இன்னொரு முறை காட்டினேன். மறுபடியும் பச்சை.

இப்போதைய நிலவரம் இதுதான். வேலை இருக்கிறது. ஹைக்கே எதைத் தந்தாலும் மேசையில் வைக்கிறார், பேனாவைக்கூட. மீன் என் கோட்டில் இருக்கிறது. அதன் முன்பக்கம் அவர் வீட்டு ஃபெல்ட், பின்பக்கம் அம்மாவின் ஊக்கு, ஊக்கு பட்ட இடத்தில் கோட்டில் ஒரு துருப்புள்ளி. இரண்டு முறை துவைத்தும் அது போகவில்லை.