ரிப்பன் கட்டிய கதவு

கொல்கத்தாவில் ஒரு படகுத்துறை. ஹவுரா படகுக்காகக் காத்திருக்கிறேன். எதிரே தாய்மார் பாலூட்டும் அறை. திறப்பு விழாவுக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன் வெளுத்துப்போய்க் கதவின் குறுக்கே தொங்குகிறது. அந்த வாசற்படியிலேயே ஓர் இளம் தாய், அழும் குழந்தையை முந்தானைக்குள் அணைக்கிறாள். ஆண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கூசிப்போய், பையிலிருந்து பால்பவுடரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கலக்குகிறாள்.

“ஏன் இன்னும் திறக்கல?” என்று டீக்கடைச் செல்வியிடம் கேட்கிறேன். ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த தமிழ்ப் பெண்; அக்கா என்பதற்கு வங்காளிகள்போல ‘தீதி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“பெரிய ஆளு யாரோ வந்து வெட்டணுமாம் தீதி. ரிப்பன் கட்டுனப்ப என் பொண்ணு கைக்குழந்தை. அவளுக்கும் இந்தப் படியிலதான் புட்டிப்பால். இப்ப ஸ்கூலுக்குப் போறா.”

சொல்லிக்கொண்டே பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு, கத்திரிக்கோலைக் கல்லாமேல் வைக்கிறாள். இருவரும் அந்தக் கத்திரிக்கோலையே பார்க்கிறோம்.

படகு வருகிறது. ஏறிவிடுகிறேன்.