முள் நகராத வாரங்கள்

தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அக்காவான என்னுடையது பொருந்தும் என்றார்கள். ஆனால் எடை அதிகம், ஏழு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அதுவரை ஆபரேஷன் கிடையாது என்று கோயம்புத்தூர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டயாலிசிஸில் அவன் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தான். நான் தின்று வளர்த்த உடம்பு அவன் உயிருக்குக் குறுக்கே நின்றது. என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

சோற்றைப் பாதியாக்கினேன், எடை மளமளவென்று இறங்கியது. தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் கிளார்க். பச்சைக் கொழுந்து நிறுக்கும் தராசில்தான் தினமும் ஏறுவேன். பாதி தூரம் வந்தபின் முள் நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஏனுங்க, மழைக் கொழுந்தாட்ட இருக்குது, ஈரத்துக்குக் கழிவு போட்டுப் பாருங்க" என்று கொழுந்து நிறுப்பவர் கிண்டல் செய்தார். மழையில் நனைந்த கொழுந்தென்றால் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிப்பது வழக்கம். மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன். ஃபேக்டரிப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்ததே தவிர, முள் அசையவில்லை. அந்த வாரமே தம்பிக்கு மூச்சு முட்டி, ஜீப் பிடித்துக் கூடலூருக்கு ஓடினோம். உடம்பில் நீர் கோத்திருந்தது. ஏற்கெனவே அளந்துதான் குடிப்பான். தண்ணீரை இன்னும் குறைக்கச் சொன்னார்கள். அவன் உதடெல்லாம் வெடித்திருந்தது.

அடுத்த முறை கோயம்புத்தூர் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு டயட்டீஷியன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"உடம்பு எளைக்க எளைக்க அதுக்கு வேண்டியதும் கொறையுமுங்க. பழைய அளவுலயே இருந்தா அங்கயே நிக்கும். கொஞ்சம் கொறைக்கத்தான் வேணும். அதுக்காகப் பட்டினி கெடந்தா ஆபரேஷனைத் தாங்க மாட்டீங்க. ராத்திரி ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க. வேற எதுல கொறைக்கலாம்னு பாப்போம். நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

ஒப்பித்தேன்.

"குடிச்சது?"

"ஒண்ணுமில்லீங்க. டீதான்."

எங்கள் மலையில் டீ ஆகாரத்தில் சேர்த்தியில்லை. ஃபேக்டரியில் வரும், யார் வீட்டு வாசலில் நின்றாலும் வரும், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். சோறு குறைந்த பிறகு பசித்தபோதெல்லாம் எனக்கு இன்னொரு டம்ளர்.

"எத்தனை டீ?"

விரல் மடக்கி எண்ணத் தொடங்கினேன். பக்கத்திலிருந்து தம்பி சொன்னான்: "ஊட்டுல மட்டும் ஆறுங்க. கெட்டிப் பாலு, ரெண்டு ஸ்பூன் சக்கரை. பேக்டரில குடிக்கறது தெரியாதுங்க."

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சோற்றில் மிச்சம் பிடித்ததை எல்லாம் நான் டம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "தெரிஞ்சும் ஏன்டா வாயத் தொறக்கல? போறது உன் உசுருடா!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ குடிக்கறப்ப பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பேன்க்கா. நானே குடிச்ச மாதிரி இருக்கும். அதுவும் போயிருமேன்னுதான்…"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து முள் இறங்கத் தொடங்கியது. நாளுக்கு ஒரே டம்ளர், பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன் டீ. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவன் எதிரில் உட்கார்ந்து, ஆறிப் போகும்வரை மெதுவாகக் குடிப்பேன். அவன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான்.