நாலு விரல் மடிப்பு

எங்கள் தையல் கூடத்தில் அவளை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவன் நான். துணியில் சுருக்கம் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. என்னிடம் நூல்கண்டு வாங்க வந்தால்கூட, பேசிக்கொண்டே என் காலரை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் போவாள். இருபது வருஷம் ஸ்டோர் ரூமில் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடப்பவனின் காலர் பின்னே எப்படி இருக்கும்?

நாங்கள் தைப்பது காலாட்படைக்கான மேலங்கி. முதுகில் பேட்டரி, நெஞ்சில் ரேடியோ, மணிக்கட்டில் சின்னத் திரை, காதில் ஒலிக்கருவி. இவற்றை இணைக்கும் வயர்கள் தையலுக்குள்ளேயே ஓட வேண்டும். வெளியே தொங்கினால் முள்ளில் மாட்டும். அந்தப் பாதையை வரைந்தவள் இஸ்திரிதான். ஆளுயரப் பொம்மைக்கு மாட்டினால் உள்ளே வயர் இருப்பதே தெரியாது. பெரிய அதிகாரிகள் தடவிப் பார்த்து மெச்சினார்கள். அவள் வரைந்த அளவுத்தாள் இன்னும் மூன்று கூடங்களுக்குப் போனது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சோதனைக்குப் போன முப்பது அங்கிகளில் பதினொன்று திரும்பி வந்தன. திடீரென்று ரேடியோ நின்றுவிடுகிறதாம். ரேடியோ இன்ஜினீயர் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தால் எல்லாம் கணீரென்று பேசும். மூன்று வாரம் பிரிப்பதும் மாட்டுவதுமாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார் மனுஷன். பழி மொத்தமும் அவர் தலையில். வெள்ளிக்கிழமை அறிக்கை போனதும் அவரை வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள், ரேடியோவை மட்டும் மாற்றிவிட்டுத் திங்கட்கிழமை முதல் தொகுதியை அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அந்தத் தொகுதி போகும் படைப்பிரிவில்தான் இஸ்திரியின் தம்பி இருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் நூல் வாங்க வந்தவள், என் மேசையில் குவிந்திருந்த, திரும்பி வந்த அங்கிகளில் ஒன்றைப் புரட்டினாள். அப்புறம் இன்னொன்று. பதினொன்றையும் பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் வலது தோளில், ஒரே இடத்தில் நூல் விட்டிருந்தது. ஒன்றில் எவனோ ஒரு சிப்பாய் கத்தியால் தையலைப் பிரித்து வயரை வெளியே எடுத்து டேப் ஒட்டியிருந்தான்.

"இது கிழிஞ்சதில்லண்ணே, இழுபட்டது" என்றாள். முகம் செத்துவிட்டது. "இதப் போட்டுக்கிட்டு மேசைமேல குப்புறப் படுங்க."

"என்னது? என் தொப்பை தாங்குமா?"

"படுங்கண்ணே."

படுத்தேன். அவள் போட்டுவிட்ட ரேடியோ காதில் இரைந்துகொண்டிருந்தது. துப்பாக்கி பிடிப்பதுபோல் அளவுகோலைப் பிடித்துக் கையை முன்னால் நீட்டினேன். பொசுக்கென்று எல்லாம் அடங்கிவிட்டது. எழுந்து நின்றேன், மறுபடி இரைந்தது.

கையை நீட்டினால் முதுகுத் துணி இழுபடும். மிஷினில் ஒரு வாரம் உட்கார்ந்தவளுக்கும் தெரியும். ஆனால் சுருக்கமே கூடாது என்று இவள் வயரையும் விறைப்பாக இழுத்துத் தைத்திருந்தாள். துணி இழுக்க, ரேடியோவில் செருகிய பிளக் மயிரிழை நகர, ரேடியோ போய்விடும்.

"நிக்கிற ஆளுக்குத் தைச்சிருக்கேண்ணே" என்றாள். "குண்டு வர்றப்போ எவன் நிப்பான்?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "சத்தமில்லாம வயரை நீட்டித் தைச்சிடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?" இன்று நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

"நம்ம கூடத்துல மாத்தலாம். மத்த மூணு கூடத்துல தைச்சது? தம்பிக்கு எது போகும்னு எனக்கென்ன தெரியும்? எவன் போட்டாலும் யாரோ ஒருத்தி தம்பிதானே?"

விறுவிறுவென்று மேலாளர் அறைக்கு நடந்தாள். அங்கியைக் கழற்றக்கூட மறந்து நானும் பின்னால் ஓடினேன். இன்ஜினீயர் அங்கே தலை குனிந்து நின்றிருந்தார்.

"தப்பு ரேடியோல இல்ல சார். என் தையல்ல."

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றுவரை எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அன்று பாவமாக இருந்தது.

அனுப்புவதைப் பத்து நாள் தள்ளிப்போட்டார்கள். நாலு கூடத்து அங்கிகளிலும் தோளில் நாலு விரல் மடிப்பு வைத்து, உள்ளே வயரைத் தளர விட்டார்கள். பார்க்கக் கண்ணராவி. மாதிரியைத் தைத்தவள் இஸ்திரிதான். தைத்து முடித்ததும் அளவு மேசையிலிருந்து அவளைப் பட்டன் மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் மரியாதை. அவள் போய் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். என் காலரைத் தொடுவதையும் விட்டுவிட்டாள்.

அங்கிகள் போய்ச் சேர்ந்த மறுநாள் தம்பி போன் பண்ணினான். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்; நூல் கொடுக்கப் போன நானும் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, தோள்ல ஒரு மடிப்பு துருத்திக்கிட்டு நிக்குது. அசிங்கமா இருக்கு. எவன் தைச்சான்? அறுத்துடவா?"

"கத்திய எடுத்தே, நேர்ல வந்து கைய ஒடிப்பேன். அதப் போட்டுக்கிட்டு குப்புறப் படு."

"இப்பவா?"

"இப்பவே. ரேடியோவப் போடு. கைய நல்லா முன்னால நீட்டு."

தொப்பென்று சத்தம் கேட்டது. அவள் மிஷினை நிறுத்தியிருந்தாள்.

"காதுல என்னடா கேக்குது?"

"எங்க அதிகாரி ரேடியோவுல திட்டுறது கேக்குதுக்கா. வேலை நேரத்துல எவன்டா படுத்துக் கெடக்குறான்னு."

"தெளிவாக் கேக்குதா?"

"ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது."

இஸ்திரி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"திட்டட்டும்டா," என்றாள். "திட்டட்டும்."