ஸ்டெல்லா மேடம் எடுக்கச் சொன்ன லீவு

செய்தி வந்தபோது நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் நின்று, இட்லிக்கு மூன்றாவது முறையாகச் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் அண்ணன் மகன் குமரன். "சித்தப்பா, ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க. விடிகாலைல நெஞ்சு வலின்னாங்களாம்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவனால்.

மேடத்தோடு வேலை செய்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் ஆட்டோவுக்கு பேட்டரிப் பெட்டி செய்யும் எங்கள் கம்பெனி ஒரு தகரக் கொட்டகையில் பிறந்தது. பெற்றவன் குமரன், வளர்த்தவர் ஸ்டெல்லா. ஆள் எடுப்பதும் ஆட்களை நடத்துவதும் அவர் பொறுப்பு. நான்? கும்மிடிப்பூண்டி முதல் ஆந்திர எல்லை வரை என் ஆட்சிதான். உத்தியோகம் என்று பார்த்தால் கம்பெனி பஸ்களைக் கவனிப்பது. வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நான் சித்தப்பா.

ஸ்டெல்லா சேர்ந்த புதிதில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. "ஆளு வேணும்" என்றான் குமரன். அவ்வளவுதானே! ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் ஊரான ஆரம்பாக்கம் போனேன். திங்கட்கிழமை காலை ரயிலையே காலி செய்து இறக்கினேன். என் மனைவி வழிச் சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், அந்தச் சொந்தத்தின் மச்சான்.

கேட்டில் நின்ற ஸ்டெல்லா கேட்டார்: "இன்னா சித்தப்பா, வேலைக்கு ஆளு எடுத்தீங்களா, கல்யாணத்துக்கு அழைச்சீங்களா?"

ஆடி மாதம் அந்த ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மொத்தப் பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஷின் ஓட்ட மிஞ்சியது நானும் கேன்டீன் பூனையும். பூனைக்கு என்னைவிடக் கொஞ்சம் அனுபவம் இருந்தது.

ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை, ஆள் எடுக்கும் வழக்கத்தை மாற்றினார். "புதுசா வந்தவங்க வேலைய கத்துக்கினு, இன்னொருத்தருக்குக் கத்துக் குடுக்கட்டும். அப்புறம்தான் அடுத்த ஆளு. ஒரு ஊர்லேர்ந்து ரெண்டு பேர் போதும்."

குமரன் குதித்தான். "மேடம், எதிர் கம்பெனிக்காரன் பஸ் பஸ்ஸா ஆளெடுக்கறான்!"

"எடுக்கட்டும் குமரன். கொஞ்ச நாள்ல அந்த ஆளுங்க அங்க வேல இல்லாம நம்ம கேட்டாண்ட வந்து நிப்பாங்க. அப்ப நாஷ்டா குடு."

அப்படியே நின்றார்கள். நாஷ்டா பரிமாறியது நான்தான்.

அவருடைய இன்னொரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு வாரம் போனை அணைத்துவிட்டு லீவில் போக வேண்டும். அந்த வாரம் வேலை நின்றுபோனால், சொல்லிக் கொடுக்காமல் லீவில் போனவர்மேல்தான் தப்பு. முதலில் தானே வேளாங்கண்ணிக்குப் போனார். திரும்பி வந்ததும் முதல் கேள்வி: "யாராச்சும் என்னைத் தேடினீங்களா?" எல்லோரும் தயங்கித் தயங்கி, "இல்ல மேடம்" என்றார்கள். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த மேனேஜரிடமும் பார்த்ததில்லை.

வருடா வருடம் என்னிடமும் வருவார். "சித்தப்பா, டிரைவருங்க நம்பரு, எந்த பஸ் பகல்ல எங்க நிக்கும், எல்லாத்தையும் ஸ்டோர்ஸ் கௌரிக்குச் சொல்லிக் குடுங்க. நீங்க எங்கனா போய்ட்டு வாங்க."

"நான் லீவு போட்டா இந்த சிப்காட் பேட்டையே இருண்டுடும்மா."

"இருட்டட்டும். லைட்டு போட்டுக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சொல்லிக் கொடுக்கவில்லை. இன்ஜினியர்கள் நிறைந்த கம்பெனியில் எனக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் கௌரிக்குத் தெரிந்துவிட்டால் நான் யார்?

செய்தி வந்த அன்று மாலையே மேடத்தின் ஊரான செவ்வாப்பேட்டையில் அடக்கம். ஒவ்வொரு பிரிவிலும் வேலைக்கு யார் இருப்பது, அடக்கத்துக்கு யார் போவது என்று அந்தந்தப் பிரிவுக்காரர்களே பேசி முடித்துவிட்டார்கள். அவர் இல்லாத முதல் நாளும், அவர் விரும்பியபடியே வேலை நடந்தது. நின்றுபோனது ஒன்றே ஒன்று.

நான் முதல் ரயிலைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போய், துக்க வீட்டில் போன் அடிக்கக் கூடாது என்ற பெரிய மனுஷத்தனத்தில் அதை அணைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். கம்பெனி கேட்டில் மாலையும் கையுமாக நம்மவர்கள் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார்கள். பகலில் டிரைவர்கள் வேறு வாடகைக்குப் போய்விடுவார்கள். நான் கூப்பிட்டால்தான் வருவார்கள். நம்பர்கள் என் போனிலும் என் மண்டையிலும் மட்டும். கௌரி டிரைவர்களைத் தேடி ஸ்டாண்டு ஸ்டாண்டாக ஓடியிருக்கிறாள்.

ஷேர் ஆட்டோ பிடித்து, ரயில் மாறி அவர்கள் வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். ஸ்டெல்லா முதன்முதலில் வேலைக்கு எடுத்த வெல்டிங் லட்சுமி, மேடத்தின் முகத்தைப் பார்க்காமலே மாலையை மண்மேல் வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பரவால்ல சித்தப்பா. உங்களுக்கும் துக்கம்தானே."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது அளந்திருப்பேன். 'பரவால்ல' என்றதும், அணைத்துவைத்த போனை எடுத்து ஆன் செய்தேன். இன்றும் லட்சுமி வரும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை.

நண்பர்களே, ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. கௌரிக்கு இப்போது எல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும் என்பதைச் சொல்லவும் பழகி வருகிறேன். அடுத்த வாரம் போனை அணைத்துவிட்டு வேளாங்கண்ணிக்குப் போகிறேன். திரும்பி வந்து கேட்டில் நின்று கேட்பேன்: "யாராச்சும் என்னைத் தேடினீங்களா?"

தயங்காமல், இல்லை என்று சொல்லுங்கள்.