படி இறங்கிப் போகும் ஜவுளிக்கடை

இன்று உறையூரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மேலே மாடி எடுக்க அனுமதி கேட்டிருந்தார். கட்டடம் பெரிதானால் சாக்கடைக்குப் பாரம் கூடும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதை மதிப்பிடுவது மாநகராட்சியில் என் வேலை.

"வியாபாரம் நல்லாப் போகுது போல, பாய்," என்றேன்.

"அதெல்லாம் இல்லங்க. அத்தா காலத்துல படி ஏறித்தான் கடைக்குள்ள வருவாங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல போட்டு ரோடு ஒசந்துபோச்சு, இப்ப இறங்கி வராங்க. மழை பேஞ்சா சாக்கடையும் கூடவே இறங்கி வருது. துணியையாவது மேல ஏத்திடலாம்னுதான் மாடி."

டேப்பை இழுத்து அளந்தேன். விதிப்படி கட்டணத்தை அவர்தான் கட்ட வேண்டும்.

அவரால் சாக்கடைக்கு வரப்போகும் பாரத்தை எழுதிவிட்டேன். சாக்கடையால் அவருக்கு வந்த பாரத்தை அளக்க எங்களிடம் டேப் இல்லை.

உங்கள் தெருவில் எப்படி? வாசலுக்கு ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா?