காட்டை எடுத்துவிட்டுப் படகை வைத்தவர்

வெள்ளிக்கிழமை காலை ஜாசின் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் எஸ்டேட் முள்வேலிக் கதவருகே இறங்கி, "சுலைமான் நானா போயிட்டாரு கிராணி. நெஞ்சு வலின்னாராம்" என்றார். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி நான். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

ஜாசினில் துணிக்கடை வைத்துக்கொண்டு நம் நாடகக் குழுவுக்குக் கவிதை நாடகங்கள் எழுதியவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு நாடகத்தை மட்டும் நினைவுகூர்கிறேன்.

காவலன் ஒருவன் தளபதியின் மகளை விரும்புகிறான். அவளுக்கு அவன்மேல் விருப்பமில்லை. நான்தான் காவலன். கடைசிக் காட்சிக்கு நானா முதலில் எழுதிய வரி, "என் நெஞ்சு எரியும் காடு, அதற்குள் ஒளிந்து திரிகிறேன்." மார்பில் அடித்துக்கொண்டு முழங்குவேன். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள்.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டையிட்ட மலாயா அவசரகாலத்தில் போலீஸ் அனுமதியில்லாமல் நாடகம் ஏது? பிரதியைப் படித்த போலீஸ் மொழிபெயர்ப்பாளர் தமிழர்தான். தயங்கித்தான் சொன்னார்: "காடு, ஒளியிறது, இதெல்லாம் வேணாம் நானா. வெள்ளைக்காரத் துவான் கேட்டா நான் என்னா சொல்றது?"

நாடகமே வேண்டாம் என்று நான் கொதித்தேன். நானா கைலிகளை மடித்து அடுக்கியபடி பேசினார். "அவரு பயந்து சொன்னாரு. ஆனா நமக்கு நல்லதுலா. காடு எரியுதுன்னா கோபம் வந்துடுது. இவனுக்கு அவ மேல கோபமே இல்லையே."

அடுத்த ஒத்திகைக்குப் புது வரிகள் வந்தன:

நீ இறங்கிப் போன துறையில்
நின்று நனைகிறது படகு.
கட்டிய கயிறு உன் கையில் இல்லை;
அவிழ்க்க எனக்கும் மனமில்லை.

பழைய பழக்கத்தில் இதையும் முழங்கினேன். "படகு கத்துமா, கிராணியாரே?" என்றார் நானா. மறுபடி சொன்னபோது என் கை தானாகக் கீழே தொங்கியது. உருவகம் ஒன்று மாறியதில் காட்சியின் குணமே மாறிவிட்டது. அனல் போய், ஈரம் வந்து உட்கார்ந்தது.

பெம்பான் ஊர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், ஊரடங்குக்கு முன் முடிக்க வேண்டுமென்று பகலிலேயே நடித்தோம். இந்த முறை யாரும் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. முடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி நானாவிடம் வந்தாள்.

"அவ கெட்டவ இல்லதானே அண்ணே?"

"இல்லம்மா. அவளுக்குத் தோணல. அவ்வளவுதான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். அந்தத் தளபதி மகள் யார் என்று ஒருமுறை கேட்டேன். "பேரைச் சொன்னா அது நாடகம் இல்ல, வம்பு" என்று சிரித்தார். பிறகு கைலிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவரை அடக்கம் செய்தார்கள். மண்ணள்ளிப் போட்டுவிட்டு, நம் குழுவினர் ஆளுக்கொரு பஸ் பிடித்துப் பிரிந்தோம்.

மறுத்தவளைப் பழிக்காமல் ஒருவன் தன் துயரத்தைச் சொல்ல முடியும். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான்.